ஞானையனுடைய வலது கையின் வயது

ஞானையனுக்கு இருபத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது அவனுடைய வலது கைக்கு அறுபத்தைந்து வயது ஆகியிருந்தது. கொல்லம் ஆயிரத்து நூற்றேழாம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு, சித்திரை மாதம், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு இந்த வயதைச் சொன்னார். தோளிலிருந்து கீழே தோல் சுருங்கித் தொங்கியது. ரோமம் முழுக்க நரைத்திருந்தது. நகங்கள் மஞ்சளித்துக் கனத்திருந்தன. நாடி அந்தக் கையில் மட்டும் ஒரு துடிப்பு பிந்தி வந்தது. மற்ற உடம்பில் ஒரு குறையும் இல்லை. தலைமுடி கருகருவென்று இருந்தது, முப்பத்திரண்டு பல்லும் உறுதியாக இருந்தன. மலைக்காய்ச்சல் பருவமானதால் கம்பவுண்டருக்காக வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். கைக்கு வாதத் தைலம் கொடுத்தார், மற்ற உடம்புக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். "பனியில காட்டாத. வயசான கையாக்கும்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

குலசேகரத்துக்கு வடகிழக்கே, காடு தொடங்குகிற இடத்தில் இருந்த அந்த ரப்பர் எஸ்டேட்டில் நான்கு டிவிஷன்கள். வெள்ளாம்பாறை, ஆனைக்கயம், கல்லடிக்குன்று, மாங்காமூடு. ஒவ்வொன்றிலும் ஒரே கூரையாக நீண்டு கிடக்கும் லயங்களில் அறுபது குடும்பங்கள் இருந்தன. எட்டு வருடம் முன்பு வந்த துரை அமெரிக்காவில் பிறந்தவர். அவர்தான் பேஸ்பால் விளையாட்டை மலைக்குக் கொண்டுவந்தார். ஆட்கள் அதை நாலுமூலை என்றார்கள். நடுமேட்டில் நிற்கிறவன் பந்தை எறிவான்; எதிரணிக்காரன் உருட்டுத் தடியால் அதை அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். மூன்று தடவை வீசித் தவறினால் வெளியே போய்விட வேண்டும். மூன்று பேர் வெளியே போனால் அந்த அணியின் முறை முடிந்தது. இரு அணிகளும் ஒன்பது முறை ஆட வேண்டும். பந்தின் உள்ளே எஸ்டேட் ரப்பர், அதன்மேல் சுற்றிய நூல், அதன்மேல் கன்றுத்தோல். ஒன்பது முறையும் ஒரே ஆள் எறிந்தால் தோள் தாங்காது என்பதால் ஆறாம் முறைக்குப் பிறகு வேறொருவன் மேடேறுவான். அவனுக்கு மாற்றுக்காரன் என்று பெயர். மரத்தில் பால்வெட்டுகிற வேலை விடியலில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். எனவே சனிக்கிழமை மாலைகளில் மலை முழுக்க நாலுமூலைதான் நடந்தது.

உலகமெங்கும் ரப்பர் விலை விழுந்தது. நூற்றேழாம் ஆண்டு மார்கழியில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, நான்கு டிவிஷன்களில் ஒன்றை மூடச்சொல்லி. துரை மூன்று நாள் யோசித்தார். நான்கு டிவிஷன் மரங்களும் ஒரே வருடம் நட்டவை, ஒரே அளவு பால் தருபவை. சீட்டுக் குலுக்குவது கடவுளுக்கு ஆகாது என்று அவர் நம்பினார். ஆகவே இந்த வருட ஆட்டங்களில் எந்த டிவிஷன் கடைசியாக வருகிறதோ அதை மூடுவது என்று தீர்மானித்தார். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் கோலப்பன்தான் எல்லாரையும் கூட்டி அதைத் தமிழில் படித்தார். கோலப்பன் நாஞ்சில்நாட்டு வயல் கிராமத்து வேளாளர், மெதுவாகப் பேசுகிறவர், வெள்ளாம்பாறை அணியின் முதல் மாற்றுக்காரரும் அவரே. படித்து முடிக்கும்போது வானம் வெளுத்துக் கிடக்க அவர்மேல் மட்டும் மழை பெய்தது. காகிதம் நனைந்து மை ஓடியது. கூட்டத்தில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூடினால் எங்கே போவது என்பதைத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளாம்பாறைக்காரர்கள் முதலில் பயப்படவில்லை. அவர்களிடம் யேசுரத்தினம் இருந்தான். அவன் எறிகிற பந்து வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். தை மாதம் ஆட்டங்கள் தொடங்கி, பங்குனி முடிவதற்குள் பத்து ஆட்டங்கள் ஆடினார்கள். எட்டில் ஆறாம் முறைவரை வெள்ளாம்பாறைதான் முன்னால் நின்றது. அந்த எட்டில் ஏழைக் கடைசி மூன்று முறைகளில் தோற்றார்கள். யேசுரத்தினம் இறங்கிக் கோலப்பன் மேடேறியதும் மழை அவர்மேல் மட்டும் பெய்யும், பந்து வழுக்கும், அடிக்கிறவன் ஒரு சொட்டுக்கூட நனையாமல் மூலை மூலையாக ஓடுவான். குடையைப் பிடித்துக்கொண்டும் எறிந்து பார்த்தார். மழை குடைக்குள் பெய்தது. அடுத்த மாற்றுக்காரன் சேக் முகம்மது, தேங்காப்பட்டணத்திலிருந்து வந்து எஸ்டேட்டில் கடை வைத்திருந்தவன். அவன் எறிகிற பந்து பாதி தூரம் போனதும் அந்தரத்தில் நிற்கும். கண்மூடித் திறக்கிற நேரம் நின்று, பிறகு கிளம்பும். அதற்குள் அடிக்கிறவன் தடியைச் சரியாகப் பிடித்துக்கொள்வான். "என்ன செய்ய? அது வழி கேக்குது" என்று சேக் முகம்மது வருத்தத்தோடு சொல்வான். துரை விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பந்து நிற்கக்கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

பதினோராவது ஆட்டத்தின் ஏழாம் முறையில், பந்தைப் பிடிக்கிறவனும் அணித்தலைவனுமான ஆபேல் சுற்றிலும் பார்த்தான். தூரத்து எல்லையில் ஞானையன் நின்றுகொண்டிருந்தான். பேசாத ஆள், அதுவரை மேடேறியதே இல்லை.

"லே ஞானையா, இஞ்ச வா. ஒனக்கு எறியத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவனுவ எறிஞ்ச லெட்சணத்தைத்தான் பாத்தமே."

ஞானையன் மூன்று முறைகள் எறிந்தான். ஒருவனும் அவன் பந்தைத் தொடவில்லை. வெள்ளாம்பாறை ஜெயித்தது. மறுநாள் காலை சட்டை போடும்போதுதான் கையில் ரோமம் இங்கொன்றும் அங்கொன்றுமாக நரைத்திருப்பதை அவன் மனைவி லீலாபாய் கண்டாள். அடுத்த சனிக்கிழமைக்குப் பிறகு புறங்கையில் நரம்பு புடைத்தது. ஆட்டத்தின் ஒரு முறை முழுக்க எறிந்தால் கைக்கு மூன்று வயது ஏறுகிறது என்பது மூன்றாவது ஆட்டத்துக்குள் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வயது ஏற ஏறக் கை தேர்ந்தது. எதிரில் நிற்கிறவனை முப்பது வருடமாகப் பார்த்துப் பழகிய கைபோல, அவன் எங்கே எதிர்பார்க்கவில்லையோ அங்கே பந்தைக் கொண்டுபோய்ப் போட்டது. நான்கு ஆட்டங்களில் நான்கும் வெற்றி. லயத்துப் பெண்கள் அவனைக் கண்டால் கும்பிட்டார்கள். அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கையைப் பார்க்காமல் போனார்கள்.

பால்வெட்டுவதும் அந்தக் கையால்தான். நாற்பத்தேழு வயதில் கை முன்னெப்போதையும்விட நன்றாக வெட்டியது. பட்டையைத் தாள்போலச் சீவியது. ஐம்பத்தாறில் நடுக்கம் தொடங்கியது. அறுபத்தைந்தில் கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கியது. ஒரே வாரத்தில் பதினொரு மரங்களுக்குக் காயம். அதன்பிறகு லீலாபாய் விடியுமுன்பே எழுந்து அவன் பங்கு மரங்களில் பாதியை வெட்டினாள். கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். சாப்பிட்டதும் கை தானாகவே வெற்றிலைக்காக நீளும். ஞானையன் வெற்றிலை போடுகிறவன் அல்ல. அவள் ஒரு கிழிந்த கம்பளியைத் தைத்துக் கைக்கு உறைபோலப் போட்டாள். கணவனிடம் பேசுகிற குரல் ஒன்று, கையிடம் பேசுகிற குரல் வேறொன்று. கையிடம் பேசும்போது அவள் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள். ஞானையனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தன் தோளில் யாரோ ஒரு கிழவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோல எப்போதும் தோன்றத் தொடங்கியது. அவரை எழுப்பிவிடாமல் மெதுவாக நடந்தான்.

பதினான்கு ஆட்டங்கள் முடிந்தபோது வெள்ளாம்பாறைக்கு ஐந்து வெற்றி. ஆனைக்கயத்துக்கும் ஐந்து. மற்ற இரண்டு டிவிஷன்களும் தப்பிவிட்டன. கடைசி ஆட்டம் இவர்கள் இருவருக்கும். லீலாபாய் ஆனைக்கயத்துப் பெண். அவளுடைய அண்ணன் ஞானதாசன்தான் அந்த அணியில் பந்தை மிகத் தூரம் அடிக்கிறவன். அவனுக்கு நான்கு பிள்ளைகள். மூத்ததுக்கு ஏழு வயது. வெள்ளிக்கிழமை மாலை லீலாபாய் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞானையன் அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். வெந்நீர் ஆறியது.

"நீ ஒண்ணும் சொல்லல்லியே" என்றான்.

"எறியாண்டாம்னு சொல்லமாட்டேன். எறியுங்கன்னும் சொல்லமாட்டேன்." துணியைப் பிழிந்து மறுபடி கையின்மேல் வைத்தாள். "இவருக்குக் குளிருது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

ஆட்டம் ஆனைக்கயம் மைதானத்தில் நடந்தது. இரண்டு லயத்து ஜனங்களும் இரண்டு பக்கமாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு அயனிமரம். லீலாபாய் அதனடியில் தனியாக உட்கார்ந்தாள். யேசுரத்தினம் ஆறு முறைகள் எறிந்து இறங்கியபோது இருபக்கமும் நான்கு ஓட்டங்கள். ஞானையன் மேடேறினான். ஏழு, எட்டு, ஒன்பது. ஆனைக்கயத்தால் ஒரு ஓட்டமும் எடுக்க முடியவில்லை, வெள்ளாம்பாறையாலும் முடியவில்லை. சமமாக நின்றால் ஒருவர் முந்துகிறவரை ஆட வேண்டும் என்று துரை புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். கைக்கு அப்போது எழுபத்துநான்கு. பத்தாவது முறையில் விரல்கள் நடுங்கின. பதினொன்றில் கைக்குப் பந்தின் பெயர் மறந்துவிட்டது போலிருந்தது. ஞானையன் அதற்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது. பன்னிரண்டு முடிந்தபோது கோலப்பன் மேட்டுக்கு வந்தார்.

"ஞானையா, பந்தைத் தா. நான் எறியுதேன். நனைஞ்சா நனையட்டும்."

ஆபேல் தலையை உயர்த்திப் பார்த்தான். "பிள்ளைவாள், மேகம் உம்ம தலைக்கு மேல வந்து நிக்குது பாத்தீரா? அறுபது குடும்பம் இருக்கு." பிறகு அவன் ஞானையனைப் பார்க்காமல், கையைப் பார்த்துக் கேட்டான்: "இன்னும் முடியுமா?"

ஞானையன் இருபக்கமும் பார்த்தான். அந்தப் பக்கத்திலும் குழந்தைகளை மடியில் வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எதிர்ப்பக்கம் அப்படித்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் அவனை மேடேற்றியவர்கள் இந்தப் பக்கத்தில் இருந்தார்கள். பந்தை அவன் கொடுக்கவில்லை.

பதின்மூன்றாம் முறையிலிருந்து ஆபேல் ஓடி வந்து பந்தை விரல்களுக்குள் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கிவிட்டுப் போக வேண்டியிருந்தது. பந்துகள் இப்போது வேகமாக வரவில்லை. காய்ந்த இலை விழுவதுபோல வந்தன. அப்படியும் அடிக்கிறவர்கள் தவறவிட்டார்கள். சிலர் வீசிவிட்டு, இவ்வளவு எளிதானதை எப்படி விட்டோம் என்று தடியையே பார்த்தார்கள். பதினைந்தாம் முறையில் வெள்ளாம்பாறை முதலில் ஆடி ஒரு ஓட்டம் எடுத்தது. பிறகு ஆனைக்கயம் ஆட வந்தது. இரண்டு பேர் வெளியே போனார்கள். ஒருவன் மூன்றாம் மூலையில் நின்றான். தடியோடு வந்தவன் ஞானதாசன்.

"மாப்ள, கை எப்படி இருக்கு?"

"கெடக்கு மச்சான்."

"பைய எறி. அவசரமில்ல."

இரண்டு தடவை ஞானதாசன் வீசித் தவறினான். மூன்றாவது பந்தைக் கை எறிந்தபோது அதற்குத் தொண்ணூற்றிரண்டு வயது. பந்து பாதி தூரம் போவதற்குள் கை செத்துப்போயிற்று. ஞானையன் அதை உணர்ந்தான். தோளில் சாய்ந்திருந்தவர் பாரமெல்லாம் விட்டுவிட்டதுபோல இருந்தது. எறிந்தவர் இல்லாத பந்து தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஞானதாசன் முழு பலத்தோடு வீசினான். பந்து ஆபேலின் கைக்குள் போய் விழுந்தது. அயனிமரத்தடியில் லீலாபாய் எழுந்து நின்றாள். யார் பக்கமும் போகாமல் அங்கேயே நின்றாள். வெள்ளாம்பாறைக்காரர்கள் கத்துவதற்காக வாயைத் திறந்தார்கள். எதிரே பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுவதைக் கண்டதும் திறந்த வாயை மூடிக்கொண்டார்கள். தங்கச்சிக்காக ஞானதாசன் வேண்டுமென்றே விட்டான் என்று பிற்பாடு ஒரு பேச்சு கிளம்பியது. அன்று மாலையே அவன் லீலாபாயிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். "எனக்க பிள்ளையளுக்காக்கும் வீசினேன். அடிக்கத்தான் வீசினேன். பந்து தடிக்குள்ள பூந்து போச்சு." தடியைக் காட்டினான். அதில் ஒரு கீறலும் இல்லை.

ஆனைக்கயத்தைக் காலிசெய்யச் செவ்வாய்க்கிழமைவரை தவணை. கை சனிக்கிழமை மாலையிலிருந்து குளிர்ந்து விறைத்துத் தொங்கியது. லீலாபாய் அதைக் குளிப்பாட்டி, விரல்களைச் சேர்த்துக் கட்டினாள். திங்கட்கிழமை காலை, கமுகம்பாளை கழன்று விழுவதுபோல, ஒரு சொட்டு ரத்தமில்லாமல் தோளிலிருந்து கழன்று பாயில் கிடந்தது. ஆபேல் அயனிப் பலகையில் பெட்டி செய்தான். உபதேசியார் ஜெபப்புத்தகத்தைப் புரட்டினார். பிறகு வயது கேட்டார். தொண்ணூற்றிரண்டு என்றதும், வயோதிகருக்கான ஜெபத்தையே வாசித்தார். பெட்டியைத் தூக்க வெள்ளாம்பாறையில் ஆள் இருந்தது. ஆனால் மலைப்பாதையில் ஞானதாசன் வந்துகொண்டிருந்தான், பின்னால் ஆனைக்கயத்து ஜனம் முழுவதும். மறுநாள் கிளம்ப வேண்டியவர்கள் மூட்டைகளைக் கட்டி வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"நீரு எதுக்கு வந்தீரு?" என்று யேசுரத்தினம் கேட்டான். வெட்கத்தில் கேட்டான்.

"தொண்ணூத்திரெண்டு வயசில ஒருத்தரு செத்தா, தூக்கதுக்குச் சொந்தக்காரன் வேண்டாமா?" என்று சொல்லி ஞானதாசன் பெட்டியைத் தோளில் வைத்தான். ஞானையன் ஒற்றைக் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தான். தன் சாவுக்குத் தானே போவதுபோல இல்லை. நன்றாகப் பழகிய, ஆனால் ஒருநாளும் முகம் பார்த்திராத ஒருவரைப் புதைக்கப் போவதுபோல இருந்தது. அழுகை வந்தது. கோலப்பன் குழியருகே வந்து ஒரு பிடி மண் போட்டார். அவர் போட்ட மண் மட்டும் நனைந்து விழுந்தது. மறுநாள் அறுபது குடும்பங்கள் தலைச்சுமையோடு வெள்ளாம்பாறை வழியாகத்தான் இறங்கிப் போயின, வேறு பாதை இல்லை. லயத்துக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். லீலாபாய் மட்டும் வழியில் நின்று ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

கம்பெனி ஞானையனைக் கைவிடவில்லை. பால்வெட்ட முடியாதவனுக்கு ஆனைக்கயத்தின் காலி லயங்களைக் காவல் காக்கிற வேலையைத் தந்தது. பகலெல்லாம் அவன் கதவில்லாத அறுபது வீடுகளின் நடுவே நடந்தான். சுவரில் கரியால் பிள்ளைகள் எழுதிய எழுத்துகள் இருந்தன. அவன் அவற்றை அழிக்கவில்லை. வெட்டாமல் விட்ட மரங்களிலிருந்து பால் தானாகக் கசிந்து, தரையில் வெள்ளையாக உறைந்து, மழைக்காலத்தில் நடப்பவர் காலைப் பிடித்தது. ஞானதாசன் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தான். வருடத்துக்கு ஒரு கடிதம் வரும். நூற்றுப்பத்தாம் ஆண்டு ஐப்பசியில் வந்த கடிதம் வேறொருவர் எழுதியது. குளிர்க்காய்ச்சலில் ஞானதாசனோடு நிறையப் பேர் போய்விட்டார்கள், எல்லாரையும் சேர்த்து ஒரே குழியில் அடக்கினார்கள், இடத்துக்கு அடையாளம் இல்லை என்று அதில் இருந்தது. லீலாபாய் இரண்டு நாள் சமைக்கவில்லை. மூன்றாம் நாள் சோறு வடித்து அவன்முன் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏன் எறிஞ்சிய?"

அவன் சோற்றைத் தொடவில்லை. "எறியாம இருந்தா நம்ம லயம் போயிருக்கும்."

"தெரியும். தெரிஞ்சாலும் ஒருக்கா கேக்கணும்லா." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அண்ணனுக்கு ஒரு இடம் வேணும். நான் போய் நிக்கதுக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் உபதேசியாரிடம் போய், கையின் குழிமேல் நட்டிருந்த சிலுவையில் அண்ணன் பெயரையும் எழுதித் தரக் கேட்டாள். உடம்பில்லாமல் எப்படி எழுதுவது என்று அவர் கேட்கவில்லை. ஆளில்லாத கைக்கு அவர்தானே ஜெபம் பண்ணியிருந்தார். தாரில் தோய்த்த குச்சியால் ஞானதாசன் என்று எழுதினார். மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்துப் பக்கம் மாடு ஓட்டிப் போனவர்கள் வந்து ஒரு செய்தி சொன்னார்கள். ஒரு கை நீளமே இருந்த மண்மேடு, ஒரு வளர்ந்த ஆளின் நீளத்துக்கு நீண்டிருந்தது. யாரும் தோண்டவில்லை, மேலே முளைத்திருந்த புல்கூடக் கலையாமல் மேட்டோடு சேர்ந்து நீண்டிருந்தது. உபதேசியார் வந்து முழக்கோலால் அளந்தார். ஞானதாசனின் உயரத்துக்குச் சரியாக இருந்தது. லீலாபாய் மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணனின் தோள் வரும் இடத்தில் கையை வைத்து அழுதாள். முதன்முறையாக அவளால் முழுதாக அழ முடிந்தது. பிறகு ஆபேலின் தாய் இறந்தபோது, பக்கத்தில் குழி தோண்டுகிறவர்கள், இந்த மேடு இன்னும் வளர்ந்தாலும் வளரும் என்று, இரண்டு முழம் தள்ளித் தோண்டினார்கள்.

ரப்பர் விலை ஏறி ஆனைக்கயத்தில் புதிய குடும்பங்கள் வந்தன. துரை மாறினார், நாலுமூலை நின்றுபோயிற்று. ஞானையன் வாரம் ஒருமுறை இடது கையில் ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு அந்த மேட்டைச் சுற்றிப் பெருக்கப் போவான். முன்பு பத்து நிமிஷத்தில் முடிந்த வேலை இப்போது அரைமணி நேரம் பிடித்தது. அதனால் சனிக்கிழமைகளில் அவன் சாப்பிட்டவுடனே கிளம்பிவிடுவான்.